மைனிங் செய்த ஆர்எக்ஸ் 580: வேற பயோஸ் ஏத்தினால் 1450 ஓடுமோ?

தெஹிவளைத் தம்பி
2025 மார்ச் 3, இரவு 9.40

கைமாறின ஆர்எக்ஸ் 580 கிராபிக்ஸ் காட், 8 ஜிபி, கிரிப்டோ மைனிங்கில ஓடினது. பம்பலப்பிட்டியில எடுத்தது. ஜிபியு-இசட்டில (காட்டின்ர விபரம் காட்டுற மென்பொருள்) டிஃபோல்ட் கிளாக் 1150 மெகாஹேர்ட்ஸ், மெமரி 2150 எண்டு கிடக்கு. கேம் திறந்து கொஞ்ச நேரத்தில திரை முழுக்கப் பச்சைப் புள்ளி, பிறகு கறுப்பு. டிரைவரைப் புதுசாக்கினால் கோட் 43 (காட்டில பிரச்சினை எண்டு விண்டோஸ் நிப்பாட்டுற பிழை). வித்த ஆள் சொல்றார், "வேகமான மொடலின்ர பயோஸை ஏத்து, 1450 ஓடும்" எண்டு. ஏத்தலாமோ? ப்ரொசெசர் ஐ5 10400எஃப். யூபிஎஸ் 650 விஏ.

எட்டாம் பின்
2025 மார்ச் 3, இரவு 10.15

ஏத்தாதை. முதல்ல இப்ப உள்ள பயோஸைச் (காட்டின்ர சிப்பில எழுதியிருக்கிற அடிப்படை மென்பொருள்) சேமி. வேற எதுவும் தொடாதை.

எட்டாம் பின்
2025 மார்ச் 3, இரவு 11.02

இப்ப விபரம். 1150 / 2150 எண்டது சுத்தமான மைனிங் பயோஸ். சாதாரண 580க்கு பூஸ்ட் 1340 அளவில, மெமரி 2000. மைனிங் ஆக்களுக்குக் கோர் வேகம் தேவையில்லை, மெமரிதான் காசு. அதாலை கோரைக் குறைச்சு, மெமரியைக் கூட்டி, டைமிங் ஸ்ட்ராப்பையும் (ஒவ்வொரு மெமரி வேகத்துக்குமான நேர அட்டவணை) மாத்தி வைப்பினம். 1750 மெகாஹேர்ட்ஸுக்கு எழுதின இறுக்கமான டைமிங்கை எடுத்து 2000க்கும் அதுக்கு மேலயும் ஒட்டுறது. மைனிங்கில ஒரு கணக்குப் பிழைச்சால் ஒரு ஷெயார் (அனுப்பின விடை) நிராகரிக்கப்படும், அவ்வளவுதான். கேமில அதே பிழை பச்சைப் புள்ளியா வரும். உன்ர காட் பழுதாகேல்லை எண்டதுக்கு அது நல்ல அறிகுறி. உறுதி எண்டு சொல்ல மாட்டன்.

கோட் 43க்கும் அதே காரணம்தான். பயோஸில ஒரு எழுத்தை மாத்தினாலும் கையொப்பம் பொருந்தாது, ஏஎம்டி டிரைவர் ஏறாது. மைனிங் ஆக்கள் டிரைவரைப் பட்ச் பண்ணி ஓட்டுவினம். நீ புது டிரைவர் போட்டவுடன அந்தப் பட்ச் அழிஞ்சு போச்சு. திரும்பப் பட்ச் பண்ணினால் ஓடும், ஆனால் பச்சைப் புள்ளி அப்படியே இருக்கும். அசல் பயோஸுக்குத் திரும்பினால் இரண்டும் ஒரேயடியாத் தீரும்.

வெள்ளவத்தை உப்பு
2025 மார்ச் 4, காலை 7.20

1450 எண்டு பயோஸில எழுதலாம். 2000 எண்டும் எழுதலாம். சிலிக்கன் அதை வாசிக்கிறேல்லை தம்பி.

கொட்டாஞ்சேனை நிலா
2025 மார்ச் 4, காலை 8.05

வேற பிராண்டின் பயோஸ் ஏன் கூடாது என்பதற்குக் கிளாக் மட்டும் காரணமில்லை. வோல்டேஜ் கன்ட்ரோலர் ஒவ்வொரு போர்டிலும் வேறு. ஃபேன் அட்டவணை வேறு. எந்தக் கனெக்டர் எந்தப் போர்ட்டுக்குப் போகிறது என்ற வரைபடமும் பயோஸுக்குள்தான் இருக்கிறது. மாற்றி ஏற்றினால் டிஸ்ப்ளேபோர்ட் ஒன்று செத்தது போலக் கிடக்கும், அல்லது ஃபேன் ஒன்று சுற்றாது. காட் உயிரோடு இருக்கும், நீங்கள் பழுது என்று நினைத்துக் கடைக்குக் கொண்டு ஓடுவீர்கள்.

தம்பி, ஜிபியு-இசட் முதல் பக்கத்திலேயே இரண்டு விடயம் பாருங்கோ. ஷேடர் (சிப்பில் கணக்குப் போடும் அலகு) எண்ணிக்கை 2304 ஆ 2048 ஆ? மெமரி வகைக்குப் பக்கத்தில் எந்தக் கம்பனி பெயர்?

தெஹிவளைத் தம்பி
2025 மார்ச் 4, இரவு 8.30

2304. மெமரி மைக்ரோன்.

கொட்டாஞ்சேனை நிலா
2025 மார்ச் 4, இரவு 9.00

நல்லது. 2048 என்றால் அது 2018 இல் வந்த 2048எஸ்பி, உள்ளே 570 தான். விளம்பரத்தில் "580" என்று மட்டும் போடுவார்கள். அதற்கு அசல் 580 பயோஸ் ஏற்றினாலும் மீதி 256 ஷேடர் திரும்பி வராது, அவை சிப்பிலேயே அடைக்கப்பட்டவை. பயோஸ் மாற்றி ஷேடர் திறந்ததற்கு உதாரணம் கேட்டால் ஆர்எக்ஸ் 460 உண்டு. 2016 இல் 896 ஐ 1024 ஆக்கினார்கள். அதை வைத்துக்கொண்டு எல்லாக் காட்டிலும் ஒளிந்திருக்கிறது என்று நம்ப வேண்டாம்.

மைக்ரோன் என்பது முக்கியம். ஒரே மொடல், ஒரே பெட்டி, ஆனால் ஒரு தொகுதியில் சாம்சுங் மெமரி, அடுத்ததில் ஹைனிக்ஸ், அடுத்ததில் மைக்ரோன் வரும். ஒரு பயோஸ் எந்தெந்த மெமரிக்கு டைமிங் வைத்திருக்கிறதோ அவற்றுக்கு மட்டும்தான் வேலை செய்யும். டெக்பவர்அப் தளத்தின் பயோஸ் தொகுப்பில் ஒவ்வொரு பயோஸின் கீழும் ஆதரிக்கும் மெமரி சிப் பட்டியல் இருக்கும். மைக்ரோன் எம்டி51ஜே256எம்32 அந்தப் பட்டியலில் இல்லாவிட்டால், பிராண்டும் மொடலும் எவ்வளவு பொருந்தினாலும் அதைத் தொட வேண்டாம். "சரிபார்க்கப்படாதது" என்று குறித்த பதிவேற்றங்களையும் விட்டுவிடுங்கோ. மைனிங் ஆக்களே திருத்தின பயோஸை ஏற்றி வைத்திருப்பார்கள். பட்டியலில் கோர் 1150 என்று கண்டால் தெரிந்துவிடும்.

எட்டாம் பின்
2025 மார்ச் 4, இரவு 9.45

இன்னொரு பொறி. முந்தின ஆள் வேற பிராண்டின்ர பயோஸை ஏத்தியிருக்கலாம். அப்ப ஜிபியு-இசட் காட்டுற பிராண்ட் பெயரே பொய். காட்டைக் கழட்டி, பின்பக்கத்தில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் பார். பார்ட் நம்பர் அதில இருக்கும். ஸ்டிக்கர் இல்லையெண்டால் போர்டில அச்சடிச்ச மொடல் எண், கூலரின்ர வடிவம் இரண்டையும் படத்தோட ஒப்பிடு. ஸ்டிக்கரும் ஜிபியு-இசட்டும் சண்டை பிடிச்சால் ஸ்டிக்கர் பக்கம் நில்.

இதாலை இன்னொண்டும் வரும். சரியான பயோஸை எழுதப் போகேக்க, சப்சிஸ்டம் ஐடி (போர்டின்ர அடையாள எண்) பொருந்தேல்லை எண்டு ஃப்ளாஷ் (பயோஸ் எழுதுற) மென்பொருள் மறுக்கும். வழமையா அந்த எச்சரிக்கை வந்தால் நிப்பாட்ட வேணும். ஆனால் பழைய ஐடிதான் பொய் எண்டு உனக்குத் தெரிஞ்சிருந்தால் மட்டும் எஃப் சுவிட்ச் (கட்டளையில சேர்க்கிற எழுத்து) போட்டுக் கட்டாயப்படுத்தலாம். யூடியூபில எல்லாரும் முதல் வரியிலேயே எஃப் போடுறது எச்சரிக்கையைக் காணாமல் இருக்கத்தான்.

வெள்ளவத்தை உப்பு
2025 மார்ச் 5, காலை 6.50

காட்டைக் கழட்டினால் கூலர் ஸ்க்ரூவையும் பாருங்கோ. காலி வீதிக்குக் கடல் பக்கம் நிண்ட காட் எண்டால் ஸ்க்ரூத் தலையில துரு, அலுமினிய ஃபின்னில வெள்ளைப் பவுடர் இருக்கும். ஃபின்னில இருந்தால் பரவாயில்லை. பயோஸ் சிப்பின்ர காலில பச்சையா ஏதும் கிடந்தால் ஃப்ளாஷ் பண்ண முதல் துப்புரவாக்க வேணும். 99 வீத ஐசோப்ரொப்பைல், மெல்லிய ப்ரஷ். கைகழுவுற சானிட்டைசர் வேண்டாம், அதில கிளிசரினும் தண்ணியும் கிடக்கு.

தெஹிவளைத் தம்பி
2025 மார்ச் 5, இரவு 10.10

ஸ்டிக்கர் இருக்கு, பொருந்துது. சஃபையர் நைட்ரோ ப்ளஸ். மேல் விளிம்பில சின்ன சுவிட்ச் ஒண்டும் கிடக்கு.

எட்டாம் பின்
2025 மார்ச் 5, இரவு 10.18

அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே தம்பி! இரட்டைப் பயோஸ். மெஷினை நிப்பாட்டி, சொக்கெற்றில சுவிட்சை ஓஃப் பண்ணி, அந்தச் சுவிட்சைத் தள்ளிப் போட்டு எழுப்பிப் பார். சோம்பேறி மைனராயிருந்தால் ஒரு பக்கத்தை மட்டும்தான் மாத்தியிருப்பான்.

தெஹிவளைத் தம்பி
2025 மார்ச் 5, இரவு 11.30

மற்றப் பக்கமும் 1150 / 2150.

வெள்ளவத்தை உப்பு
2025 மார்ச் 5, இரவு 11.34

உழைப்பாளி.

எட்டாம் பின்
2025 மார்ச் 6, இரவு 9.15

சரி, ஒழுங்கா எழுதுறன்.

இரண்டு பக்கமும் ஓடுது எண்டால் ஒரு பக்கத்தை அப்படியே விடு. அதுதான் உன்ர உயிர்காப்பு. உனக்கு இது இன்னும் முக்கியம், ஏனெண்டால் 10400எஃப் இல உள்ளே கிராபிக்ஸ் இல்லை. பயோஸ் கெட்டால் திரையே வராது, திருத்தவும் வழியில்லை. மொடல் எண் எஃப் இல முடியிற இன்டெல், ரைசன் 5 3600 போல ஆக்கள் எல்லாம் ஃப்ளாஷ் பண்ண முதல் ஒரு பழைய ஜிடி 710 காட்டையாவது இரவல் எடுத்து வைக்க வேணும்.

சேமிக்கிறது: ஜிபியு-இசட்டில பயோஸ் வேர்ஷனுக்குப் பக்கத்து அம்புக்குறி, கோப்பாச் சேமி. பிறகு ஏஎம்டிவிபிஃப்ளாஷ் மென்பொருளாலையும் சேமி. கட்டளைச் சாளரத்தை நிர்வாகியாகத் திறந்து, ஐ சுவிட்ச் போட்டால் காட்டுகளின்ர பட்டியல் வரும், உன்ர காட் 0 எண்டு காட்டும். எஸ் சுவிட்ச், 0, கோப்புப் பெயர் எண்டு கொடுத்தால் சேமிக்கும். இரண்டு பக்கத்தையும் தனித்தனியா எடு. பென் ட்ரைவில ஒரு பிரதி, ஃபோனில ஒரு பிரதி. ஃபோன் ஏனெண்டால் இந்த மெஷின் எழும்பாத அண்டைக்கு அதே மெஷினுக்குள்ள கிடக்கிற கோப்பால ஒரு பிரயோசனமும் இல்லை.

எழுதுறது: ஆஃப்டர்பேர்னரை (ஓவர்க்ளாக் மென்பொருள்) மூடு, ஓவர்க்ளாக் எல்லாத்தையும் டிஃபோல்டுக்குக் கொண்டு வா. ப்ரவுசரையும் மூடு. பி சுவிட்ச், 0, புதுக் கோப்புப் பெயர். அழிச்சு, எழுதி, சரிபார்த்து முடிக்க ஒரு நிமிசம்கூடச் செல்லாது. ரொம்மை அழிக்க முடியேல்லை எண்டு சொன்னால் அன்லொக்ரொம் 0 கொடுத்துப் போட்டுத் திரும்ப எழுது. சரிபார்ப்பு வெற்றி எண்டு வந்தால் ரீஸ்டார்ட் அடிக்காதை. முழுசா நிப்பாட்டி, சொக்கெற்றை ஓஃப் பண்ணி, அரை நிமிசம் விட்டு எழுப்பு. சரிபார்ப்புத் தோத்தால் அதுக்கு மாறு: மெஷினை நிப்பாட்டவே கூடாது. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் மட்டும் காட் நினைவில இருந்துதான் வேலை செய்யுது. பழைய கோப்பை அப்பவே திரும்ப எழுது.

கொட்டாஞ்சேனை நிலா
2025 மார்ச் 6, இரவு 9.50

கோப்பு அளவையும் பாருங்கோ. ஜிபியு-இசட் 256 கேபி கோப்புத் தரும், ஃப்ளாஷ் மென்பொருள் 512 கேபி தரலாம். ஒன்று பழுது என்று பயப்பட வேண்டாம். சிப் 512 ஆக இருந்தாலும் பயோஸ் முதல் பாதியில்தான் இருக்கும். ஆனால் 64 கேபி, 0 கேபி என்று வந்தால் வாசிப்பே நடக்கவில்லை, அந்தப் பிரதியை நம்பி எழுதப் போக வேண்டாம்.

வெள்ளவத்தை உப்பு
2025 மார்ச் 7, காலை 7.05

கரண்ட் விசயம். 650 விஏ யூபிஎஸ் எண்டால் உண்மையில 360-390 வாட் தான். கேம் ஓடேக்க மெஷினும் மொனிட்டரும் சேர்ந்து அதைத் தொடும், அப்ப கரண்ட் போனால் யூபிஎஸ்ஸும் கூடவே போகும். ஃப்ளாஷ் நேரத்தில சுமை 100 வாட் பக்கம்தான், தாராளமாத் தாங்கும். முதல் நாள் ஒருக்கா யூபிஎஸ்ஸைச் சொக்கெற்றிலயிருந்து கழட்டிப் பார்த்துக்கொள். பற்றறி செத்த யூபிஎஸ் பச்சை லைற் போட்டுக்கொண்டே இருக்கும்.

பெப்ரவரி 9 ஞாபகம் இருக்கே? பாணந்துறை உபமின்நிலையத்தில குரங்கு ஏறி நாடு முழுக்க இருட்டு. குரங்கிட்ட நீ ஃப்ளாஷ் பண்ற நேரம் சொல்லி வைக்கேலாது.

கொட்டாஞ்சேனை நிலா
2025 மார்ச் 7, பகல் 1.10

உப்பு அண்ணை, அதே காரணத்துக்காக விண்டோஸ் அப்டேட்டையும் அன்றைக்கு இடைநிறுத்தச் சொல்லுங்கோ. குரங்கைவிட அது அடிக்கடி ஏறும். பழைய டிரைவர் ஏறியிருக்க, பின்னால் அதுவாகவே புது டிரைவர் போடத் தொடங்கினால் திரை ஒரு கணம் அணையும். எழுதும் நடுவில் அது தேவையில்லை. அசல் பயோஸ் ஏறின பிறகு சேஃப் மோடில் டிடியு (டிரைவர் துடைக்கும் மென்பொருள்) போட்டு டிரைவரை முழுதாகத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கோ. பட்ச் பண்ணின டிரைவரின் மிச்சம் இருக்கக்கூடாது. போலாரிஸுக்கு (580 இன் சிப் குடும்பம்) 2023 இலிருந்து டிரைவர் தனிக் கிளையில்தான் வருகிறது, மற்றக் காட்டுகளை விட ஆறுதலாக. அதால் பதிப்பு எண் பழையதாகத் தெரிந்தால் குழம்ப வேண்டாம்.

தெஹிவளைத் தம்பி
2025 மார்ச் 8, மாலை 5.20

ஒரு பக்கம் எழுதியாச்சு. 1411 / 2000 காட்டுது. டிரைவர் ஏறிட்டுது, பச்சைப் புள்ளி இல்லை. இனி 1450?

வெள்ளவத்தை உப்பு
2025 மார்ச் 8, மாலை 5.31

விடமாட்டான்.

கொட்டாஞ்சேனை நிலா
2025 மார்ச் 8, இரவு 8.45

முதலில் கீழே போங்கோ, பிறகு மேலே. இந்தக் காட்டுக்கு ஃபக்டரியிலேயே ஓவர்க்ளாக் வைத்துத்தான் அனுப்புகிறார்கள். 1411 இலிருந்து 1450 என்றால் 2.8 வீதம். 60 ஃப்ரேம் ஓடும் கேமில் இரண்டு ஃப்ரேம்கூட முழுதாக வராது. அதற்காக வோல்டேஜை 1200 மில்லிவோல்ட் பக்கம் தள்ள வேண்டி வரும். மின்சாரம் கிளாக்கோடு நேராகவும் வோல்டேஜோடு வர்க்கமாகவும் ஏறும். தலைகீழாகப் போட்டுப் பாருங்கோ: 1340 மெகாஹேர்ட்ஸில் 1150 மில்லிவோல்ட்டை 1050 ஆக்கினால் கோர் தின்னும் மின்சாரம் 17 வீதம் குறையும். கொழும்பில் அறை வெப்பநிலை 31 பாகை. வெளிநாட்டு ரிவ்யூவில் 22 பாகை அறையில் 72 காட்டிய காட் இங்கே 81 காட்டும். அதோடு சிப்புக்கும் கூலருக்கும் இடையில் மைனிங்கில் காய்ந்துபோன பேஸ்ட்.

அதனால் ஒழுங்கு இப்படி. பேஸ்ட்டை மாற்றுங்கோ. மெமரியிலும் மொஸ்ஃபெட்டிலும் (கோருக்கு மின்சாரம் கொடுக்கும் பாகம்) உள்ள வெப்பம் கடத்தும் பேட் கிழிந்தால் அதே தடிப்பில்தான் போட வேண்டும். தடிப்பு கூடினால் கூலர் சிப்பில் முழுதாக இருக்காது, கோர் வெப்பம் ஏறும். குறைந்தால் மொஸ்ஃபெட் காற்றில் நிற்கும். பிறகு ஏஎம்டியின் அட்ரெனலின் மென்பொருளில் மேல் ஸ்டேட்டின் (அதிகூடிய கிளாக் நிலை) வோல்டேஜை 25 மில்லிவோல்ட் படியாக இறக்குங்கோ. ஒவ்வொரு படிக்கும் சூப்பர்பொசிஷன் (கிராபிக்ஸ் சோதனை மென்பொருள்) ஓட விடுங்கோ. டிரைவர் டைம்அவுட் வந்தவுடன் 25 கூட்டி நிறுத்துங்கோ. அந்த நிலையில் கோரை 10 மெகாஹேர்ட்ஸ் படியாக ஏற்றலாம். ஃபர்மார்க் சோதனை வேண்டாம். அது கேம் எதுவும் போடாத சுமையை மொஸ்ஃபெட்டில் போடும், ஆனால் பவர் லிமிட்டில் கிளாக் இறங்கிவிடுவதால் நீங்கள் சோதிக்க நினைத்த 1450 ஐ அது தொடவே தொடாது.

கடைசியாக மெமரி. 256 பிட், 2000 இல் செக்கனுக்கு 256 ஜிபி. 2100 இல் 268.8. இந்த 5 வீதம் கோரில் வரும் 3 வீதத்தைவிடச் சில கேமில் பிரயோசனம்.

எட்டாம் பின்
2025 மார்ச் 8, இரவு 9.30

மெமரிக்கு ஒரு திருத்தம் சேர்க்கிறன் நிலா. புள்ளி வரேல்லை எண்டதை வைச்சு மெமரி சரி எண்டு எடுக்கக்கூடாது. ஜிடிடிஆர்5 (இந்தக் காட்டின்ர மெமரி வகை) இல பிழை கண்டுபிடிக்கிற வசதி இருக்கு. பிழைச்ச தரவைத் திரும்ப அனுப்பும். திரையில ஒண்டும் தெரியாது, ஆனால் ஸ்கோர் குறையும். 2080 இல கூடி 2120 இல குறைஞ்சால் 2080 க்கும் கீழ வா. எச்டபிள்யூஇன்ஃபோ எண்ட கண்காணிப்பு மென்பொருளில மெமரிப் பிழை எண்ணிக்கை எண்டு ஒரு வரி வரும், அது பூச்சியத்தில நிக்க வேணும். பத்துப் பதினைஞ்சு எண்டாலும் இறக்கு. மைக்ரோன் எண்டால் 2100 ஐ எதிர்பாராதை, வந்தால் அதிட்டம்.

பவர் பக்கம் ஒண்டு. 580 இன்ர 185 வாட்டில பெரும்பங்கு 8 பின் கேபிளால வரும். அதுக்கு 150 வாட் கணக்கு, மதர்போட் ஸ்லொட்டுக்கு 75. சாட்டா கனெக்டரிலயிருந்து மாத்தி எடுக்கிற அடப்டர் போடாதை. சாட்டாவின்ர 12 வோல்ட் பின்கள் 4.5 அம்பியர், 54 வாட். பவர் லிமிட்டைக் கூட்டின காட் அதை உருக்கும்.

புறக்கோட்டையான்
2025 மார்ச் 9, பகல் 11.15

இங்க புகுறதுக்கு மன்னிக்க வேணும். என்னட்ட 570, ஒற்றை பயோஸ், முந்தின ஆள் கெடுத்துப் போட்டார். ஃபேன் சுத்துது, திரை இல்லை. சீஎச்341ஏ ப்ரோக்ராமரும் (பயோஸ் சிப்பில நேரா எழுதுற கருவி) கிளிப்பும் இருக்கு. நேரா எழுதலாமோ?

எட்டாம் பின்
2025 மார்ச் 9, பகல் 12.40

எழுதலாம், ஆனால் முதல்ல சிப்பின்ர எழுத்தை ஃபோன் கமெராவில பெரிசாக்கி வாசியுங்கோ. எம்எக்ஸ்25எல் எண்டால் 3.3 வோல்ட், எம்எக்ஸ்25யூ எண்டால் 1.8. ஜிடி25க்யூ 3.3, ஜிடி25எல்க்யூ 1.8. வின்பொண்ட் டபிள்யூ25க்யூ80 டிவி 3.3, டிடபிள்யூ 1.8. 1.8 எண்டால் இடையில அடப்டர் போட வேணும். கறுப்பு நிறச் சீஎச்341ஏ இல இன்னொரு கெட்ட பழக்கம்: 3.3 வோல்ட்டில சிப்புக்குக் கரண்ட் கொடுத்தாலும் டேட்டாக் கம்பிகளில 5 வோல்ட் விடும். பலநேரம் சிப் தாங்கும். மல்ற்றிமீற்றரால அளந்துபோட்டு முடிவெடுங்கோ.

காட்டைக் கழட்டி மேசையில வைச்சு, பவர் கேபிள் ஒண்டும் இல்லாமல், கிளிப்பின்ர சிவப்புக் கம்பி சிப்பில புள்ளி உள்ள மூலைக்கு. இரண்டு தரம் வாசிச்சு இரண்டு கோப்பும் ஒண்டோ எண்டு பாருங்கோ. வேறவேறயா வந்தால் கிளிப் சரியாப் பிடிக்கேல்லை, அல்லது போர்டின்ர மற்றச் சுற்றுகள் அந்த 3.3 ஐ உறிஞ்சுது. ஒண்டாகும் மட்டும் அழிக்கிற பொத்தானில கை வைக்கக்கூடாது. 512 கேபி சிப்பில 256 கேபி கோப்பு எழுதுறதெண்டால் மீதியை எஃப்எஃப் ஆல நிரப்புங்கோ.

எட்டாம் பின்
2025 மார்ச் 9, பகல் 12.52

கிளிப் இல்லாத வழியும் உண்டு. வேற காட்டில திரையைப் போட்டு, 570 இன்ர பயோஸ் சிப்பில 1ம் பின்னையும் 8ம் பின்னையும் ஒரு கம்பியால தொடுத்தபடி மெஷினை எழுப்புறது. 8 கரண்ட், 1 சிப்பைத் தேர்வு செய்யிற பின். 1 ஐ மேல பிடிச்சு வைச்சால் சிப் பதில் சொல்லாது. கெட்ட பயோஸ் ஏறாததால மெஷின் தொங்காமல் எழும்பும். விண்டோஸ் வந்தவுடன கம்பியை எடுத்துப்போட்டு ஃப்ளாஷ் பண்ணலாம். கை வழுக்கி 8 ஐயும் 4 ஐயும் தொட்டால் நேராக் கிரவுண்ட், பிறகு காட்டை மறந்து விடுங்கோ. ப்ரோக்ராமர் கையில இருக்கேக்க இந்த வித்தை தேவையில்லை.

வெள்ளவத்தை உப்பு
2025 மார்ச் 9, பகல் 1.30

பெயர்க்காரணம் இப்பதான் விளங்குது.

தெஹிவளைத் தம்பி
2025 மார்ச் 10, இரவு 10.05

1380, 1075 மில்லிவோல்ட், மெமரி 2060, பிழை பூச்சியம். வெப்பம் 74. கூட்டாளி ஒராளிட்ட ஆர்டிஎக்ஸ் 3060 இருக்கு, அதுக்கும் பயோஸில கை வைக்கலாமோ எண்டு கேக்கிறான்.

கொட்டாஞ்சேனை நிலா
2025 மார்ச் 10, இரவு 10.40

என்விடியாவில் பயோஸை நீங்கள் திருத்த முடியாது. பாஸ்கல் தலைமுறையிலிருந்து (ஜிடிஎக்ஸ் 10 வரிசை) கையொப்பமில்லாத பயோஸைக் காட்டே ஏற்காது. கையொப்பமுள்ள வேறொரு பிராண்டின் பயோஸை மாற்றி ஏற்றலாம். 2023 இல் வந்த ஓஎம்ஜிவிஃப்ளாஷ், என்விஃப்ளாஷ்கே என்ற மென்பொருள் இரண்டும் அதற்கிருந்த தடைகளையும் கடந்தன. அதில் கிடைப்பது கூடின பவர் லிமிட் மட்டும். 3060 இல் அதால் வரும் இலாபத்துக்கு இந்த ஆபத்து வேண்டாம். ஆஃப்டர்பேர்னரில் கன்ட்ரோல் எஃப் அழுத்தி வோல்டேஜ்-கிளாக் வளைவைத் திறந்து, 900 மில்லிவோல்ட் பக்கத்தில் ஒரு புள்ளியை ஏற்றி, அதற்கு வலப்பக்கத்தைத் தட்டையாக்கச் சொல்லுங்கோ.

எட்டாம் பின்
2025 மார்ச் 10, இரவு 11.00

கூட்டாளியின்ர 3060 கைமாறினதெண்டால் ஜிபியு-இசட்டில பெயருக்கு முன்னால ஃபேக் எண்டு வருதோ பார்க்கச் சொல்லு. பழைய ஃபெர்மித் தலைமுறை என்விடியாக் காட்டுக்குப் புதுப் பெயரில பயோஸ் எழுதி விக்கிறவை இருக்கினம். 2018 பதிப்பிலயிருந்து ஜிபியு-இசட் அதைப் பிடிக்கும். தம்பி, நீ மற்றப் பக்கத்து மைனிங் பயோஸை இப்ப மாத்தாதை. ஒரு மாசம் ஓட்டிப் பார்த்துப் பிரச்சினை இல்லையெண்டால், நல்ல பக்கத்தில எழுப்பி, விண்டோஸுக்குள்ள வந்த பிறகு சுவிட்சைத் தள்ளி, அதே கோப்பை எழுது.